இரண்டு முறை கேட்டேன்

மே 5

சோம்லிங்கில் இன்றும் மழை. பூட்டானுக்கு வருகிற வரை எனக்கு மலை என்றால் சாயல்குடிப் பக்கத்து உப்புக் குவியல்தான். கண் பரிசோதனைத் தன்னார்வலராக இங்கே வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. ஏறும்போது இன்னும் மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது முட்டி பழிவாங்குகிறது.

ஊரே என்னை டாக்டர் என்கிறது. நான் டாக்டர் இல்லை, கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற ஆப்டோமெட்ரிஸ்ட் என்று கேசாங் சாரிடம் சொல்லிப் பார்த்தேன். இந்தச் சுகாதார நிலையத்துக்கு அவர் ஒருவர்தான் எல்லாம். பிரசவம், பல், நாய்க்கடி எதுவானாலும் அவரிடம்தான் வர வேண்டும். "அந்த வார்த்தையை எங்க மொழியில நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள வரிசை கலைஞ்சிடும் மேடம்," என்றார். சரி, டாக்டராகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

நான் குடியிருப்பது நாம்கே பிதா என்கிற பெண்ணின் வீட்டு மாடியில். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். ஐம்பதைத் தாண்டியவள், தனியாள். டிவி சீரியல் பார்த்து இந்தி கற்றுக்கொண்டவள். என்னுடையது ரயில்வே ஸ்டேஷன் இந்தி. இரண்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. வாயால் தீதி என்கிறேன், எழுதும்போது அக்கா என்றுதான் வருகிறது.

அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கை இன்று நீட்டினேன். அக்கா உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு "மேஷு, மேஷு" என்றாள். வேண்டாம் என்று அர்த்தமாம். இன்னொரு தடவை கேட்டேன். அப்போதும் மேஷுதான். டப்பாவை மூடினேன். அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள்.

"மூடிட்டியா? அது சும்மா வாய் சொல்றது. உடனே கைய நீட்டினா அலைஞ்சவ மாதிரி இருக்கும்ல? மூணாவது தடவை கேக்கணும். அப்ப வாங்கிக்குவோம்."

எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம். சம்பந்தி வீட்டில் இரண்டாவது தோசைக்கு "போதும், போதும்" என்று இலையை மறைப்பவர்கள் எல்லாரும் விரல் இடுக்கு வழியே தோசை வருகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். இதை அக்காவுக்கு இந்தியில் விளக்கப் போய் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. அவள் நாலு முறுக்கு தின்றாள்.

மே 17

விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்று அக்கா சொன்னாள். வலது புருவத்துக்கு மேலே தலைவலி வேறு. சமையல் புகைதான் காரணம் என்று அவளாகவே முடிவு கட்டியிருக்கிறாள்.

நிலையத்துக்கு வரச் சொல்லிப் பார்த்தேன். புகை இல்லை. கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடிவதற்கு ஒரு வழி உண்டு. அக்காவுக்கு அது இரண்டு கண்ணிலும் ரொம்பக் குறுகல். ஒருநாள் மொத்தமாக அடைத்துக்கொண்டால் கண்ணின் அழுத்தம் ஏறி, சில மணி நேரத்தில் பார்வை போய்விடலாம். முன்கூட்டியே லேசரால் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை போட்டுவிட்டால் பயமில்லை. பத்து நிமிட வேலை.

கேசாங் சார் சந்தோஷமான சேதி சொன்னார். ஜூன் 5, 6 தேதிகளில் கீழே மாவட்ட ஆஸ்பத்திரிக்கு லேசர் மெஷினோடு டாக்டர் உக்யென் வருகிறார். நம் நிலையத்து வண்டி 4-ம் தேதி காலையில் மருந்து எடுக்கக் கீழே இறங்குகிறது. அக்காவிடம் விளக்கினேன். "நீ சொன்னா போறேன்," என்றாள்.

மே 24

ஊருக்குப் போன் பேசக் கோயில் மேடு வரை ஏற வேண்டும். அங்கேயும் குரல் மட்டும்தான் கேட்கும், படம் வராது.

தங்கச்சிக்கு வளைகாப்பு. ஜூன் 5 என்று நாள் குறித்துவிட்டார்கள். "நேர்ல வரத்தான் முடியல, போன்லயாவது மொகத்தக் காட்டுத்தா. அவ உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா," என்றாள் அம்மா. அதற்குள் சிக்னல் அறுந்துவிட்டது.

கீழே மாவட்டத் தலைநகரில் எல்லா லாட்ஜிலும் வைஃபை இருக்கிறதாம்.

மே 31

கடைவாய்ப் பல் வலிக்கிறது. குளிர்காற்று பட்டால் சுருக்கென்கிறது.

ஜூன் 2

பல்லைக் காட்டக் கீழே போக வேண்டும் என்று கேசாங் சாரிடம் சொன்னேன். அவரே பார்க்கிறேன் என்று டார்ச்சை எடுத்தார். வேண்டாம் சார், ஆழமான வலி, எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும் என்றேன்.

"வண்டியில டிரைவர் பக்கத்துல ஒரு சீட்தான மேடம். பின்னாடி முழுக்க காலி சிலிண்டர். நாம்கேவும் போகணுமே?"

"நான் அவங்ககிட்ட கேட்டுக்கறேன் சார்," என்றேன்.

நாளை அவர் மேல் கிராமத்துக்கு ஒரு பிரசவம் பார்க்கப் போகிறார். திரும்ப இரண்டு நாளாகுமாம்.

ஜூன் 4

வண்டி ஆறு மணிக்குக் கிளம்பியது. அக்கா, இந்த ஊர்ப் பெண்கள் உடுத்துகிற கீராவில் புதிதாக ஒன்றைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "நீங்க போறீங்களா?" என்று கேட்டேன். மேஷு என்றாள். "கண்ணுக்கு நல்லதுக்கா, போயிட்டு வாங்க," என்று மறுபடி கேட்டேன். வாயை மூடிக்கொண்டு மேஷு, மேஷு என்றாள்.

இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் வேண்டாம் என்றாள். நோயாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொன்ன முதல் பாடம். டிரைவர் வேறு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அடுத்த வண்டி இன்னும் பதினைந்து நாளில் இருக்கிறது. தலைநகர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கே ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதி அனுப்பிக்கொள்ளலாம்.

வழியெல்லாம் மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 5

வெந்நீர். பூட்டான் வந்ததிலிருந்து முதன்முதலாக உடம்பு முழுக்க வெந்நீர். வெளியே வரவே மனமில்லை.

வளைகாப்பை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தேன். தங்கச்சி கன்னமெல்லாம் சந்தனம். எனக்குப் பதிலாக அத்தை மகள் வளையல் போட்டுவிட்டாள். ஐந்து வகைச் சாதத்தையும் போனில் கிட்டக் கொண்டுவந்து காட்டினார்கள். அழுதேன், சிரித்தேன். சாயங்காலம் இந்தியர் நடத்தும் ஓட்டலில் மசால் தோசை. மாவு புளிக்கவே இல்லை, ஆனாலும் இரண்டு தின்றேன்.

பல் பரவாயில்லை.

ஜூன் 6

கடைத்தெருவில் டாக்டர் உக்யெனே எதிரே வந்துவிட்டார். முன்பு பயிற்சியில் பார்த்திருக்கிறோம். "சோம்லிங்ல ஒரு கேஸ் இருக்குன்னு கேசாங் சொன்னாரே, வரலையா?" என்று கேட்டார்.

"கேட்டோம் டாக்டர். வரமாட்டேன்னுட்டாங்க."

தலையை ஆட்டினார். "நம்ம ஜனங்க அப்படித்தான். வலி வந்தாத்தான் வருவாங்க," என்றார். நானும் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 8

சோம்லிங் திரும்பினேன். அக்காவுக்கு ஒரு கம்பளி ஸ்கார்ஃப் வாங்கி வந்தேன். கொஞ்சம் விலை அதிகம்தான். மூன்று தடவை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். பல்லைப் பற்றி விசாரித்தாள்.

ஜூன் 14

விடாத மழை. கீழே பாலத்துக்கு அப்பால் மலை சரிந்து சாலையை மூடிவிட்டதாம்.

ஜூன் 15

காலையில் அக்கா எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தால் வாந்தி. வயிற்றுக் கோளாறு என்று கேசாங் சார் மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். வலது கண் ரத்தச் சிவப்பு. கருவிழி மேல் ஆவி படிந்தது போல மங்கல். இமை மேல் விரலை வைத்தேன். கூழாங்கல்லைத் தொட்டது போல இருந்தது.

என்னிடம் இருந்தது அழுத்தம் குறைக்கிற ஒரே ஒரு சொட்டு மருந்து. ஊற்றினேன், மறுபடி ஊற்றினேன். இது வீடு பற்றி எரியும்போது செம்புத் தண்ணீர் ஊற்றி அணைக்கிற வேலை என்று எனக்குத் தெரியும். டார்ச்சை அடித்துக் கேட்டேன், வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றாள். மதியம் அதுவும் சந்தேகமாகிவிட்டது.

"நேத்து ராத்திரி விளக்கைச் சுத்தி வளையம் ரொம்பப் பெருசா இருந்துச்சு. உன்னை எழுப்ப வேணாம்னு பார்த்தேன்," என்றாள்.

ஜூன் 16

ஊர் ஆண்கள் மூங்கிலில் போர்வை கட்டித் தூக்கினார்கள். சரிவு வரை நானும் போனேன். சேற்றைத் தாண்டி அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. கேசாங் சார் கூடப் போனார். அக்காவின் கழுத்தில் நான் வாங்கிக் கொடுத்த ஸ்கார்ஃப் இருந்தது. அதைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 25

கேசாங் சார் நிலையத்துப் போனில் கூப்பிட்டார். மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை நாட்டின் தலைநகருக்கே கொண்டுபோய்விட்டார்கள். இடது கண்ணுக்கு லேசர் போட்டாகிவிட்டது, அதற்கு இனி ஆபத்தில்லை. வலது கண் போய்விட்டது.

ஜூன் 26

பரிசோதனை: 31 பேர். கண்ணாடி: 12.

ஜூலை 11

அக்கா வந்துவிட்டாள். கூடவே டாக்டர் உக்யெனும் வந்தார், மேல் கிராமங்களைப் பார்வையிட. நிலையத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அவர் நேராகக் கேட்டார்: "முன்னாடியே கண்டுபிடிச்ச கேஸ் இது. எப்படித் தவறிப் போச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கேசாங் சார் பேசிவிட்டார். "தப்பு என்னோடது டாக்டர். மேடம் வெளிநாட்டுக்காரங்க. ரெண்டு தடவை கேட்டிருக்காங்க, இவங்க மரியாதைக்கு மேஷு சொல்லியிருக்காங்க. மூணாவது தடவை கேக்கணும்கிறது மேடத்துக்கு எப்படித் தெரியும்? நான் முதல்லயே சொல்லிக் குடுத்திருக்கணும்."

டாக்டர் பேனாவை மேசையில் தட்டினார். இத்தனை வருஷமாக எத்தனை பேர் வேண்டாம் என்றதாக எழுதி வைத்திருக்கிறோம், அதில் எத்தனை மேஷுவோ என்று வருத்தப்பட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். என்னைப் பார்த்தாள், ஒரு கண்ணால். பிறகு டாக்டரைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள், ஆமாம், அப்படித்தான் என்பது போல.

நான் அதைத் திருத்தவில்லை.  எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது முகம் எரிகிறது.

ஜூலை 20

மாவட்டத்தில் எல்லா நிலையங்களுக்கும் உத்தரவு வந்துவிட்டது: எந்த சிகிச்சையானாலும் மூன்று முறை கேளுங்கள். கேசாங் சார் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். கீழே வாயைப் பொத்திய ஒரு பெண்ணின் படம். வலது கண்ணில் கட்டு. நன்றாக வரைகிறார்.

ஜூலை 29

அக்கா தேநீர் ஊற்றும்போது கோப்பை விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. பழகிவிடும் என்று நான் பாடம் நடத்தினேன். விரல் நுனியெல்லாம் சுட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அடுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு இவளை உருளைக்கிழங்கு உரிக்க வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 3

கடையில் யாரோ அக்காவுக்கு மிட்டாய் நீட்டினார்கள். வழக்கம்போல மேஷு என்றாள். கடைக்காரி என்னவோ சொல்ல, சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வரும் வழியில் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"முதல் தடவையே வாங்கிக்கோ, இன்னொரு கண்ணும் போயிடப்போகுதுன்னா."



ஆகஸ்ட் 8

நிலையத்துக்கு டாக்டர் உக்யென் போன். 12-ம் தேதி கீழே மாவட்டக் கூட்டம், எல்லா ஊர் சுகாதாரத் தொண்டர்களும் வருகிறார்கள். "மூணு தடவை" விஷயத்தை நானே பேச வேண்டுமாம். தவறிலிருந்து கற்றுக்கொண்ட வெளிநாட்டுத் தோழி என்று என்னை அறிமுகப்படுத்தப் போகிறாராம். கேசாங் சார் மொழிபெயர்ப்பார்.

ஒப்புக்கொண்டேன். எப்படி மறுப்பது? மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

ஆகஸ்ட் 10

உரை எழுத உட்கார்ந்தேன். "எனக்கு உங்கள் வழக்கம் தெரியாமல் போனதால்" என்று ஆரம்பித்தேன். நாலு தடவை எழுதி நாலு தடவை கிழித்தேன். பூரணி, நீ லேசுப்பட்டவள் இல்லை.

ஆகஸ்ட் 11

இன்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் கொல்லையில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன். எப்படித் தொடங்குவது என்று யோசித்தால் தொடங்கவே மாட்டேன் என்று தெரிந்தது, அதனால் பொட்டென்று போட்டு உடைத்தேன்.

"அக்கா, மூணு தடவை கேக்கணும்னு எனக்குத் தெரியும். நீங்கதான் சொன்னீங்க. தெரிஞ்சேதான் ரெண்டோட நிறுத்துனேன். பல்லும் வலிக்கல. தங்கச்சி வளைகாப்பைப் பார்க்கணும்னுதான் போனேன்."

மிளகாயைப் பரப்புகிற கை நிற்கவில்லை. "தெரியும்," என்றாள்.

"டாக்டர் முன்னாடி ஏன் அப்படித் தலையாட்டினீங்க?"

"உன்னை ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன். சின்னப் பொண்ணு, வீட்டு ஞாபகத்துல பண்ணிட்டே. கண்ணு போனது போனதுதான. அது இப்படி ஒரு கதையா ஆகும்னு எனக்கென்ன தெரியும்?" இப்போது கை நின்றது. "இப்ப எல்லாரும் என்னப் பார்த்துச் சிரிக்கறாங்க. மரியாதைக்கு ஆசப்பட்டுக் கண்ணக் குடுத்தவளாம். மேல் கிராமத்துலகூடச் சொல்றாங்களாம். நான் அவ்வளவு முட்டாள் இல்ல பூரணி."

"இல்லக்கா. நான் மூணாவது தடவை கேட்டிருந்தா நீங்க ஏறியிருப்பீங்க."

"ஏறியிருக்க மாட்டேன்."

புரியாமல் பார்த்தேன்.

"அன்னிக்கு நான் சொன்னது வழக்கத்துக்குச் சொன்ன மேஷு இல்ல. நெஜமாவே வேணாம்னு சொன்னேன். நீ கேக்கறதுக்கு முன்னாடியே உன் பை சீட்டுல இருந்துச்சு. பெல்ட் வேற போட்டு வச்சிருந்தே, உருளாம இருக்க. உன் பையைக் கீழ இறக்கிட்டு நான் எப்படி ஏறுவேன்?"

அவள் அடுத்த கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நாலாம் தேதி நான் என்ன எழுதினேன் என்று இப்போது திருப்பிப் படித்தேன். கீரா இருக்கிறது, ஹாரன் இருக்கிறது, மூடுபனிகூட இருக்கிறது. பையை எழுதவில்லை. மறந்து விட்டுப்போனது இல்லை. எழுதாமல் விட்டேன்.

ஆகஸ்ட் 12

மண்டபம் நிறைய ஆட்கள். பல ஊர்த் தொண்டர்கள், பாதிப் பேர் வயதானவர்கள், முன் வரிசையில் டாக்டர் உக்யென். அக்காவையும் அழைத்து வந்திருந்தார்கள். பாடத்தை நேரில் காட்ட வேண்டுமே. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் இரண்டு பெண்கள் அவளைக் காட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

டாக்டர் என்னை அறிமுகப்படுத்தினார். கை தட்டினார்கள். கேசாங் சார் மைக்கோடு பக்கத்தில் வந்து நின்றார். நான் கையில் தாள் எதுவும் வைத்திருக்கவில்லை. 

"நாம்கே பிதா மரியாதைக்காகக் கண்ணை இழக்கவில்லை," என்றேன். கேசாங் சார் அதை அவர்கள் மொழியில் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும். முதல் மாதமே அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்," என்றேன்.

கேசாங் சார் மைக்கை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். அவர்தானே என் சார்பில் அன்று பேசியவர். என்னைப் பார்த்தார். மைக்கை மூடிக்கொண்டு, "மேடம், இது வேணாமே," என்றார் மெல்ல.

"சொல்லுங்க சார்," என்றேன்.

சொன்னார்.  டாக்டர் உக்யென் கண்ணாடியைக் கழற்றினார்.

"வண்டியில் இருந்தது ஒரே ஒரு இடம், அதற்கு அவரைக் கூப்பிட்டேன். அந்த இடத்தில் என் பையை வைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டுத்தான் கூப்பிட்டேன்."

கேசாங் சார் இந்தத் தடவை என் பக்கமே திரும்பவில்லை. அவர் மொழிபெயர்க்க நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்ச நேரம் பிடித்தது. பை என்பதற்கு அவர்கள் மொழியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அதைச் சொன்னது எப்போது என்று தெரிந்துவிட்டது. மண்டபம் முழுக்க ஒரே சமயத்தில் அக்காவைத் திரும்பிப் பார்த்தது, யாரும் சிரிக்காமல்.